எடை பார்த்த விருந்து

அலெக்ஸாண்டிரியா
10 மார்ச் 2025

தங்கை நெவீனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்க மாட்டேன். உடம்பைச் சுத்தம் செய்தது போதாதென்று, மனதையும் சுத்தம் செய்ய போனை அணைத்து வைத்திருக்கிறாயாமே? என் கோபம் ஆறுவதற்குள் உன்னிடம் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நோன்பு திறக்க வாருங்கள் என்று நீதான் அழைத்தாய். நாவறண்டு கெய்ரோ வந்து நின்றால், வாசலிலேயே எடை பார்க்கும் மெஷின்! உன் ஆரோக்கிய குரு ஷெரீன், "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க, வெக்கப்படாதீங்க" என்கிறாள். என் கணவர் ஃபத்ஹியின் எடையை ஊருக்கே கேட்கும்படி வாசிக்கிறாள். பாங்கு சொன்னதும் மேசைக்குப் போனால் வெள்ளரித் தண்ணீர், உப்பில்லாத வேகவைத்த காலிஃபிளவர். நாங்கள் கொண்டுபோன பேரீச்சம்பழத்தைத் தொட்ட அவர் கையைத் தட்டிவிட்டு, "அது விஷம்!" என்றாள். நம் பாட்டன் முப்பாட்டனெல்லாம் அந்த விஷத்தைத் தின்றுதான் நோன்பு திறந்தார்கள்.

நீ சிரித்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. விருந்துக்குப் போய்வந்த நாங்கள் ஸ்டேஷனில் நின்றுகொண்டே ஃபலாஃபெல் வடை தின்றோம்.

உன் அக்கா,
ஸொஹைர்


கெய்ரோ
19 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஷெரீனுக்குப் படித்துக் காட்டினேன். கோபம் என்பது கல்லீரலில் தங்கிய கழிவாம். கஷாயம் ஒன்று அனுப்புகிறேன், குடி.

உனக்கென்ன, மீன் பொரித்துத் தின்றுகொண்டு நிம்மதியாக இருப்பாய். எங்கள் குடியிருப்பில் குண்டானவளை யாரும் மதிப்பதில்லை. எனக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கிறாள். போன வாரம் யுஸ்ராவைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கா. இன்னும் கொஞ்சம் இளைச்சா என் பையன் பக்கத்துல நிக்கலாம்." எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இளைப்பதற்கு ஷெரீன் வாங்கித் தரும் ஊசி போடுகிறோம். யுஸ்ராவுக்குப் பசியே எடுப்பதில்லை. முகத்தில் சிரிப்பைக் காணோம் என்கிறார்கள். கன்னம் ஒட்டினால் அப்படித்தான் தெரியும்.

பெருநாளுக்கு இனிப்பு அனுப்பிவிடாதே.

நெவீன்


அலெக்ஸாண்டிரியா
6 ஏப்ரல் 2025

நெவீன்,

யுஸ்ரா என் வீட்டில் இருக்கிறாள். நீ இன்னும் போனை அணைத்தே வைத்திருப்பதால் கடிதத்தில் சொல்கிறேன். பெருநாளுக்கு மறுநாள் தனியாக ரயிலேறி வந்தவள் என் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்தப் பொண்ணைப் பட்டினி போட்டது?" என்று கேட்டார். பெற்றவள்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

கண் விழித்ததும் உன் மகள் கேட்ட முதல் கேள்வி: "பெரியம்மா, குளுக்கோஸ் ஏத்துனா எடை கூடுமா? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

எனக்கு அழுகை வரவில்லை. உன்னை நாலு அறை அறையத்தான் தோன்றியது.

நேற்று அந்தச் சம்பந்தியம்மா இங்கேயே வந்துவிட்டாள். யுஸ்ரா சோறும் முலூகியா கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "கல்யாணத்தை வச்சுக்கிட்டு இவ்வளவு சோறா?" என்றாள் அந்தப் பொம்பளை. நான் வாய் திறப்பதற்குள் யுஸ்ரா நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீங்க கேட்ட அளவுக்கு இளைச்சுட்டேன். இப்ப இது விரல்ல நிக்கமாட்டேங்குது. எடுத்துட்டுப் போங்க."

நீ போலீஸோடு வந்தாலும் அவளை அனுப்ப மாட்டேன்.

ஸொஹைர்


கெய்ரோ
14 ஏப்ரல் 2025

அக்கா,

என் மானத்தை வாங்கிவிட்டாய். இங்கே தலைகாட்ட முடியவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் சம்பந்தத்தையே முறிய விட்டாய். அவளைப் பெற்றவள் நானா, நீயா? இதை நான் மன்னிப்பேன் என்று நினைக்காதே.

நேற்று ஷெரீன் வந்தாள். என் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்றேன். "ஐயோ, இப்ப எத்தனை கிலோ இருக்கா?" என்று கேட்டாள். வெளியே போடி என்று கத்திக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது. உன் கடிதத்தைப் படித்தபோது என் மனதில் முதலில் எழுந்ததும் அதே கேள்விதான்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். உன்னோடு சண்டை போடத்தான் வருகிறேன். யுஸ்ராவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வெறும் வயிற்றில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஏதாவது சமைத்து வை.

நெவீன்