புல்வெளிக்காரனுக்கும் வயல்காரிக்கும் நடுவில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? எனக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மண்டை வலிதான் கூடியிருக்கிறது, அதற்குக் காரணம் நீயும் உன் அக்காவும். போனில் பேச்செடுத்தால் வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

உன் அக்கா மகளுக்கு உன் பல்கலைக்கழகத்திலேயே மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி! பால்கடைக்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆனால் உன் அக்கா, அவன் இருக்கிற இடத்துக்கு என் பெண் போகவேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். மாதக் கடைசிக்குள் பதில் எழுதாவிட்டால் இடம் போய்விடுமாம், பேத்தி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். இந்தியிலிருந்து இங்கிலீஷ் வரைக்கும் ஒரே குடும்பம் என்கிறீர்களே, அந்த இந்தோ-ஐரோப்பிய மொழிகளை முதலில் பேசியவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு, ஒரே ஆராய்ச்சியில் இருக்கிற உங்களுக்குள் என்னடா இப்படி ஒரு வெட்டுக்குத்து? நீ கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மாடு, குதிரை வைத்திருந்தவர்கள் என்கிறாய், சக்கரத்துக்கும் அச்சுக்கும் அந்த மொழிகளில் ஒரே வேரிலிருந்து சொல் இருக்கிறது, வண்டி வந்த பிறகுதான் பிரிந்தார்கள் என்கிறாய். அவள், அதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாலேயே அந்தக் கடலுக்குத் தெற்கே இருந்து கிளம்பிய உழவர்கள்தான் மொழியைக் கொண்டுபோனார்கள் என்கிறாள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டாம், பேத்தி சாப்பிடும்போது சொன்னாள், உன் அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். யார் சொல்வது சரியோ எனக்குத் தெரியாது, தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன். செத்து மண்ணாய்ப் போனவர்கள் எங்கிருந்து கிளம்பினால் என்ன, உயிரோடு இருக்கிற பிள்ளை கிளம்பமுடியாமல் உட்கார்ந்திருக்கிறதே.

அவள் கோபம் புல்வெளி மேலும் இல்லை, வயல் மேலும் இல்லை. போன வருஷம் மாநாட்டில், எங்கள் அக்கா சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்துபோனவள், இப்போது ஒரு ஜனக்கூட்டத்தையே தப்பான ஊருக்குக் கூட்டிப்போகிறாள் என்று மேடையில் சொன்னாயாமே. மண்டபமே சிரித்ததாம். எல்லாவற்றுக்கும் சான்று கேட்கிறவன் இதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றைக்குத் தொலைந்தது அவள் இல்லை, நீ. சாணை பிடிக்கிறவர் சக்கரம் சுற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போய்விட்டாய். பள்ளிக்கூட வாசலில் உன்னைக் காணோம் என்று அவள் தெருத்தெருவாகத் தேடிப்போனாள். நீ என்னவோ சாவகாசமாக வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கியும்விட்டாய். இருட்டின பிறகு அவளைத் தபால்காரர் கூட்டிவந்தார், ஒரு காலில் செருப்பில்லை, தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்பா அதட்டினபோது நான்தான் வழி தப்பிவிட்டேன் என்றாள். உனக்கு அடி விழுமே என்று. என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, தம்பியிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நானும் இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை. நீ அதையே எடுத்து ஊர் கூட்டி அவளைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தபோதும் அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பாள், கூப்பிடு. சக்கரம், வயல், புல் எதையும் பேசாதே. எடுக்காவிட்டால் திரும்பக் கூப்பிடு, அதற்கும் எடுக்காவிட்டால் அதற்கப்புறமும் கூப்பிடு. உன்னைத் தேடி அவள் அத்தனை தெரு நடந்திருக்கிறாள், நாலு தடவை போன் போட்டால் உன் விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது. பேத்திக்காக அந்த ஜன்னல் வைத்த அறையைக் காலி செய்து வை, புத்தக மூட்டைகளை உன் கட்டிலுக்கு அடியில் தள்ளு. நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அம்மா