பந்து மேசை தாண்டுகிறது

2025 மே 23, வெள்ளி

பந்து மேசையில் விழவில்லை. அதைத் தவிர இன்றைக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது.

மாவட்ட அரச அலுவலர் விளையாட்டு விழா, பெண்கள் இரட்டையர் மேசைப்பந்து. எங்கள் அலுவலகத்துக்காக நானும் றஸீனாவும் ஆடினோம். நான் சம்பளப் பிரிவு, அவள் தபால் பிரிவு. காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். புளியந்தீவில் எங்கள் அலுவலகத்தின் நலன்புரி மண்டபம் வாவிக்கரையோடு இருக்கிறது. அங்கே இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் அவளோடுதான் என் ஆட்டம். அந்த மண்டபத்தில் என் முன்கை அடிக்கு ஒரு பெயரே உண்டு: சுகிர்தாட வெடி.

அந்த வெடி இன்று உள்ளக அரங்கில் மேசையைத் தாண்டித் தாண்டிப் போய் நடுவரின் சப்பாத்தில் விழுந்தது. ஒருமுறை அவருடைய மடியிலும் விழுந்தது. மனுசன் சிரிக்காமல் எடுத்துத் தந்தார், அதுதான் இன்னும் வெட்கம்.

றஸீனாவும் வழக்கம்போல் இல்லை. நாலைந்து பந்தை வலைக்குள் போட்டாள். ஆனால் அதை யார் கவனித்தார்கள்? பறக்கிற பந்தைத்தானே சனம் பார்க்கும்.

வந்ததே மூன்று சோடி. அதில் ஒரு சோடி பிந்தி வந்து வெளியேற்றப்பட்டது. அந்தப் புண்ணியத்தில் இரண்டாமிடம் எங்களுக்கு. செப்டெம்பரில் திருகோணமலையில் மாகாணப் போட்டி.

மே 26

நிதுர்ஷன் என் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விளையாட்டுச் சங்கச் செயலாளர். அவன் உட்கார்ந்தால் விசயம் நல்லதல்ல.

"அக்கா, கோவிக்கக் கூடாது. உங்கட பந்து மேசையில விழுகுதில்ல. திருகோணமலையிலயும் இப்பிடி எண்டா எங்களுக்குத்தான் கேவலம். புதுசா வந்திருக்கிற நிருஷா பள்ளிக்கூடத்தில நல்லா விளையாடினவவாம்."

"மறுகா? பிறகென்ன?"

"ஓகஸ்ட்ல அரங்கில ஒரு ஆட்டம் வைப்பம். நீங்களும் றஸீனா அக்காவும் ஒரு பக்கம், நானும் நிருஷாவும் மற்றப் பக்கம். நீங்க வெண்டா நீங்க. தோத்தா, றஸீனா அக்காவோட நிருஷா."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவன் போன பிறகு யாருடைய மேலதிக நேரக் கொடுப்பனவையோ யாருக்கோ போட்டுவிட்டு, பிறகு இருந்து திருத்தினேன்.

மே 27

பதக்கம் எனக்குப் பெரிதில்லை. உண்மையாகவே இல்லை. ஆனால் மண்டபத்தில் இருப்பது ஒரே மேசை. நிருஷா சோடி என்றால் பயிற்சியும் நிருஷாவோடுதான். பிறகு நாலரை மணிக்கு நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்க வேண்டியதுதான். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நான் யாருக்கும் சம்பளம் போடுவதில்லை, யாருக்கும் சோறு போடுவதில்லை. விடமாட்டேன்.

யூன் 7

மகள் பேராதனையிலிருந்து யூடியூப் பாடங்களாக அனுப்புகிறாள். பந்து நீளமாகப் போனால் மட்டை திறந்திருக்கிறதாம், கொஞ்சம் கவிழ்க்க வேண்டுமாம். பந்தை இடிக்காமல் உரசித் தூக்க வேண்டுமாம். குசினியில் அகப்பையால் பழகினேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சுகி, சொதி கிண்டுறியா, சண்டைக்கு நிக்கிறியா?" என்றார்.

யூன் 11

மட்டையைக் கவிழ்த்து அடித்தேன். எங்கள் மண்டபத்தில் எல்லாம் வலைக்குள் போனது. பழையபடி அடித்தேன். எல்லாம் அழகாக மேசை விளிம்பில் விழுந்தது. அப்படியானால் எதைத் திருத்துவது? இங்கே நோயே இல்லையே!

யூன் 14, சனி

அரங்கில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கி ஆடிப் பார்த்தோம். மேசை தாண்டியது. மேசை தாண்டியது. மேசை தாண்டியது.

"பயம்தான் அக்கா. பெரிய இடம் எண்டவுடன உங்கட கை உசாரா வீசுது" என்றாள் றஸீனா.

"ஆருமில்லாத அரங்கில ஆருக்குடி பயம்?"

அவளும் இன்று வலைக்குள் போட்டுக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்துப் பயந்திருப்பாள்.

யூன் 29

கை சரியில்லை என்றால் மட்டை சரியில்லை. கொழும்பிலிருந்து புது றப்பர் எடுப்பித்தேன், நல்ல சிவப்பு. ஒட்டுகிற பசை மட்டும் வரவில்லை.

இவருக்கு நாவற்குடாச் சந்தியில் டயர்க்கடை. "இதுக்கெல்லாம் கொழும்புப் பசையா?" என்று சைக்கிள் ரியூப்புக்குப் பூசுகிற சொலூசனை எடுத்தார். என்ன பக்குவமாகப் பூசினார்! அரத்தாள் போட்டுத் தேய்த்து, ஊதிக் காயவைத்து, மூன்று பூச்சு. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் என் பொருள் ஒன்றை இந்த மனுசன் இவ்வளவு கவனமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. மட்டையை நீட்டி, "இனிச் சாகும் வரைக்கும் கழராது" என்றார்.

யூன் 30

ஐயோ.

மட்டைக்குள் இவர் பேய் வைத்து ஒட்டியிருக்கிறார். தொட்டாலே பந்து பாய்கிறது! முதல் அடி மேசையையே தொடாமல் எதிர்ச் சுவரில் மோதியது. இரண்டாவது றஸீனாவின் தோளுக்கு மேலால் யன்னல் கம்பிக்குள் புகுந்து வாவிக்குப் போனது. தோணியில் நின்று வலை எறிந்துகொண்டிருந்தவர் அதை எடுத்து ஆட்டி ஆட்டிக் காட்டினார். றஸீனா நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "அல்லாவே, அக்கா, நானாட கடையில ரொக்கட்டும் ஒட்டுவாங்களா?" இவரை அவள் நானா என்றுதான் சொல்வாள்.

நானும் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் கண் கலங்கியது. சிரிக்க இவள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்?

யூலை 1

நேற்றிரவே இணையத்தில் தேடினேன். இந்தச் சைக்கிள் பசையைப் பூசினால் றப்பர் ஊதிப் பந்து பறக்குமாம். ஒரு காலத்தில் பெரிய வீரர்களே வேண்டுமென்று பூசினார்களாம், இப்போது கூடாதாம். இவரிடம் சொன்னேன். "பாத்தியா, சாம்பியன்மார் செய்த வேலை" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அதைக் கழற்ற அவரே ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டார். பழைய றப்பருக்கே திரும்பிவிட்டேன்.

யூலை 16

எதிலும் முன்னேற்றம் இல்லை. எழுதவும் விருப்பமில்லை. நிருஷா இன்று கடைசி வரை நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தாள். "சுகிர்தாக்கா, இஞ்ச உங்கட அடி ஒண்டும் பிழைக்குதில்லையே" என்றாள். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பதுதான் கரைச்சல், ஆசையாகத் திட்டவும் முடியவில்லை.

யூலை 22, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டோம்! அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

மண்டபத்துக்கு வெளியே சுவருக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். வாவிப் பக்கத்து யன்னல் எல்லாவற்றையும் மூடிப் போட்டிருந்தார்கள். உள்ளே புழுக்கம். சரி, கொஞ்ச நேரம் அடிப்போம் என்று தொடங்கினோம். முதல் வெடி, மேசை தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. றஸீனா அடித்தது வலை. திரும்பவும் வலை. எங்கள் மண்டபத்தில்! எங்கள் மேசையில்!

"அரங்கில நடந்த மாதிரியே நடக்குது அக்கா" என்றாள் அவள்.

நான் வியர்வை துடைக்கக் கைலேஞ்சியை எடுக்கப் போனேன். எப்போதும் யன்னல் கம்பியில்தான் போடுவேன். எப்போதும் அது மேசைப் பக்கம் படபடத்துக்கொண்டு நிற்கும். இன்று செத்த மீன் மாதிரித் தொங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கச்சான்! மே தொடங்கினால் வாவிக்கு மேலால் வந்து எங்கள் கண்ணையும் தொண்டையையும் காயவைக்கிற கச்சான் காற்று. அது மேற்கு யன்னலால் நேரே என் முகத்துக்கு வரும். இரண்டு வருடமாக நான் காற்றுக்கு எதிரே அடித்திருக்கிறேன். நான் எவ்வளவு கண்டபடி அடித்தாலும் கச்சான் பந்தைப் பிடித்து மேசையில் வைத்திருக்கிறது. றஸீனாவுக்கு முதுகுக் காற்று. அவள் மெல்லத் தட்டினால் போதும், மிச்சத் தூரத்தைக் காற்று கொண்டுபோகும். மழைக்காலத்தில் மண்டபத்தைக் கூட்டங்களுக்கு எடுத்துவிடுவார்கள், நாங்கள் ஆடுவதே இல்லை. அதனால் வேறு காற்றே எங்களுக்குத் தெரியாது. அரங்கு மாதிரிக் காற்றில்லாத இடத்துக்குப் போனால் எனக்கு நீளம், அவளுக்கு வலை.

இரண்டு பேரும் தலை கால் தெரியாமல் கத்தினோம். பூச்சுக்காரர்கள் யன்னலைத் திறந்து என்ன விபத்து என்று கேட்டார்கள்.

பிறகு றஸீனா மேசையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கம் மாறுறதுதானே சட்டம். நாம ஏனக்கா மாறுறல்ல?"

எனக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாங்கள் ஆடத் தொடங்கிய முதல் கிழமை. பின்னேர வெயில் வாவியில் பட்டு உள்ளே அடிக்கும். அவளுடைய மூக்குக்கண்ணாடியில் அது கூசி, அவள் ஒரு பந்தையும் காணாமல் தடுமாறினாள். நீ அங்கால நில்லு, எனக்குப் பறுவாயில்ல என்று நான் சொன்னேன். அன்றைக்கு மட்டும் என்றுதான் சொன்னேன். பிறகு அது அப்படியே பழகிவிட்டது.

"நீங்க எனக்காக நின்டுதான் இந்தப் பேச்செல்லாம் கேட்டீங்களா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள்.

"நீ அழுதா நிதுர்ஷன் வந்து, நான் உனக்கு அடிச்சனெண்டு நினைப்பான். பந்தப் போடு."

யூலை 24

யன்னல்களை மூடச் சொன்னோம். காவலாளி எங்களை விசரிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே பாண் போறணைச் சூடு. மின்விசிறியும் இல்லை. ஆனால் இன்று முதல்முறையாக மட்டையைக் கவிழ்த்து, வீச்சைக் குறைத்து, பந்தை உரசி அடித்தேன். மேசையில் விழுந்தது. அகப்பைப் பயிற்சி வீண்போகவில்லை!

ஓகஸ்ட் 5

றஸீனா வலையைத் தாண்டத் தொடங்கிவிட்டாள். பிளாஸ்க் நிறையத் தேசிக்காய்த் தண்ணி கொண்டுவருகிறாள். நான் இரண்டு கிலோ இளைத்திருக்கிறேன் என்று இவர் சொல்கிறார். சொல்லட்டும், கேட்க நல்லாயிருக்கிறது.

ஓகஸ்ட் 11

நிருஷாவிடம் காற்றுக் கதையைச் சொன்னேன். றஸீனா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். எதிராளிக்குச் சொல்லலாமா என்ற கவலை அவளுக்கு. ஆனால் அந்தப் பிள்ளையும் இந்த மண்டபத்தில்தானே பழகுகிறது. ஒளித்து வைத்து வென்றால் எனக்கு நித்திரை வராது.

ஓகஸ்ட் 23, சனி

அரங்கில் ஆட்டம். நாங்கள் இருவரும், எதிரே நிதுர்ஷனும் நிருஷாவும்.

முதல் ஆட்டம் அவர்களுக்கு, அடுத்த இரண்டும் எங்களுக்கு. நாலாவதில் நிருஷா என்னைப் போட்டு வாட்டி எடுத்துவிட்டாள். கடைசி ஆட்டத்தில் நாங்கள் பத்து, அவர்கள் ஒன்பது, பந்து என் முன்கைக்கு உயரமாக வந்தது. பழைய வெடிக்கு அளவெடுத்த மாதிரிப் பந்து. கை அரித்தது. கவிழ்த்தேன், உரசினேன். பந்து வளைந்து இறங்கி அவர்கள் பக்கத்து மூலையில் பட்டு ஓடியது.

நான் நிற்கிற இடத்திலேயே குதித்தேன். இந்த வயதில். முழங்கால் இப்போது சொல்லுகிறது. நிருஷா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நிதுர்ஷன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் சொன்னதெல்லாத்தையும் வாபஸ் வாங்குறன்" என்றான். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று யாருக்கும் சொல்லப் போவதில்லை.

நிருஷா பதிலாளாகத் திருகோணமலைக்கு வருகிறாள்.

செப்டெம்பர் 13, திருகோணமலை

மூன்றாமிடம்!

அரையிறுதியில் நல்ல அடி வாங்கினோம், அதை எழுத மாட்டேன். மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் எதிரே கண்ணாடி போட்ட ஒரு தங்கச்சி. அப்படி ஓர் அடி! ஆனால் விழவேண்டிய நேரத்திலெல்லாம் மேசை தாண்டிப் போனது. கடைசிப் புள்ளியும் அப்படித்தான் எங்களுக்கு வந்தது. அவள் தன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

கை கொடுக்கும்போது கேட்டேன். "தங்கச்சி, நீங்க பழகிற இடத்தில யன்னல் எந்தப் பக்கம்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கடற்கரையோட, அக்கா. மூண்டு பக்கமும் திறந்ததுதான். ஏன்?"

றஸீனா அவளைப் பிடித்து வாங்கில் இருத்தி, கைலேஞ்சி தொடக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். வான் காத்து நின்றது. நிதுர்ஷன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

இவர் பதக்கத்தை டயர்க்கடையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருக்கிறார். வருகிறவர்களிடம் றப்பர் ஒட்டியது தான்தான் என்று சொல்கிறாராம். அந்த றப்பரால் நான் வெல்லவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

பின்னேரம் மண்டபம். இன்று போட்டி ஒன்றும் இல்லை, சும்மா ஆடுவோம் என்று யன்னல்களைத் திறந்துவிட்டோம். கச்சான் இன்னும் ஓயவில்லை, உள்ளே வந்து விழுந்தது. நான் வழக்கம்போல் என் பக்கத்துக்கு நடந்தேன். அங்கே றஸீனா நின்றுகொண்டிருந்தாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொளுவிக்கொண்டு.

அவளுடைய முதல் பந்து வலையைக்கூடத் தொடவில்லை, காற்று அவளிடமே திருப்பிக் கொடுத்தது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் வெயில் கூசி, என் பந்தைத் தேடி வெறுங்காற்றை அடித்தாள். பதினொன்றுக்கு நாலு.

"ரெண்டு வருசம் இதுக்குள்ளயா நின்டீங்க?"

"காணும், ஆடினது போதும், வா. சட்டப்படி இனிப் பக்கம் மாறோணும்."

மேசையைச் சுற்றிப் போனேன். அவள் அசையவில்லை. மட்டையால் என்னைப் பழைய இடத்துக்குத் திரும்பக் காட்டினாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் நான் நிக்கிறன் அக்கா. நீங்க அங்கால போங்க."