நான்கு போல்ட்டுகள்

மார்ச் 3

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நானும் தையல் மெஷினும் சௌக்கியம். நம் வாண்டுக்கு நேற்றோடு ஐந்து மாதம் முடிந்தது. இந்தக் கடிதம் அவளைப் பற்றித்தான். பதறாமல் படியுங்கள்.

அவள் இடப்பக்கம் மட்டும்தான் பார்க்கிறாள். வலப்பக்கம் கிலுகிலுப்பை ஆட்டினால் கண் போகிறது, கழுத்து போவதில்லை. பின்தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கும் நர்சம்மா நேற்று வந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் அறையையும் ஒரு சுற்று பார்த்தார்.

"குழந்தையோட கட்டிலை யாரும்மா சுவரோட சேர்த்து போல்ட் போட்டது?"

"அவங்க கப்பல்ல மெக்கானிக். எதையும் முடுக்காம விடமாட்டாங்க."

"வீடு என்ன அலையிலயா ஆடுது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவளுக்கு வலப்பக்கம் வெறும் சுவர். மெஷின், வாசல், நான், எல்லாம் இடப்பக்கம். பிறந்ததிலிருந்து அவள் பார்க்க இருந்ததே ஒரு பக்கம்தான். "இன்னைக்கே தலைமாட்டை மாத்திப் படுக்க வைங்க. கட்டிலைக் கழட்டி நடுவுல போடுங்க. முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டுப் பக்கத்திலேயே இருங்க" என்றார். ஆறு வாரத்தில் மறுபடி வருவாராம். அப்போதும் கழுத்து வராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பாராம்.

தலைமாட்டை மாற்றிவிட்டேன். போல்ட்தான் அசைய மாட்டேன் என்கிறது. எந்த ஸ்பேனர் என்று எழுதுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம். பயம் அதைவிட அதிகம்.

உங்கள் தையல்காரி

மார்ச் 19

என் அன்புத் தையல்காரிக்கு,

துறைமுகத்தில் கடிதம் கைக்கு வந்தது. தப்பு என்னுடையது. கப்பலில் நாற்காலியைக்கூட முடுக்கித்தான் வைப்போம். மகள் விழுந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் செய்துவிட்டேன்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர், சமையலறை மேல்தட்டில் சிவப்புப் பெட்டியில். எண்ணெய் விட்டு அரை மணி ஊறவிடு. ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி இழு, பலம் கூடும். மறக்காமல் என்னைத் திட்டி நாலு வரி எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உன் முடுக்குகிறவன்

ஏப்ரல் 16

அன்புள்ள முடுக்குகிறவருக்கு,

திட்ட நேரமில்லை. ஜெயித்துவிட்டோம்!

எண்ணெய் விட்டேன், குழாய் மாட்டினேன், என் முழு எடையோடு தொங்கினேன். முதல் போல்ட் 'கிரீச்' என்றபோது வாண்டு கைகொட்டாத குறைதான். நான்காவது கழன்றதும் தரையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

தினமும் வெட்டுத்துணியில் தைத்த விரிப்பில் அவளைக் குப்புறப் போட்டேன். முதலில் அரை நிமிடத்துக்கே அழுது வீட்டைக் கூரையோடு தூக்கினாள். நானும் அவள் வலப்பக்கம் குப்புறப் படுத்து, மூக்கைச் சுருக்கி, மாடு மாதிரி கத்தி, இருந்த மானத்தையெல்லாம் விற்றேன். வாடிக்கையாளர் ஒருவர் அளவு கொடுக்க வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டார். அரை நிமிடம் இரண்டாச்சு, இரண்டு ஐந்தாச்சு. அவள் கண் போன பக்கம் கழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனாலும் முழுசாக வரவில்லை. நேற்று நர்சம்மா சொன்னபடியே வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

வாண்டு விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். ஜன்னலில் தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு நான் மறந்து வைத்த ஸ்பேனர் அவள் வலப்பக்கம் பளபளத்தது. பார்த்தாள். கழுத்து முழுசாகத் திரும்பியது. பின்னாலேயே இடுப்பு வந்தது, கால் வந்தது. ஒரே புரளல்! ஸ்பேனர் அவள் கையில். வாய்க்குப் போவதற்குள் நர்சம்மா பிடுங்கிக்கொண்டார்.

"சந்தேகமே இல்ல, மெக்கானிக் பொண்ணு! ஆஸ்பத்திரி எதுக்கு? தலையும் வளர வளரச் சரியாயிடும்."

இன்று காலையிலிருந்து புரண்டுகொண்டே இருக்கிறாள். இரண்டு முறை கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். பெருமையில் எனக்கும் கழுத்து ஒரு பக்கமாக நிற்கவில்லை.

நான்கு போல்ட்டுகளையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். கப்பலிலேயே எங்காவது முடுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வரும்போது வாசலில் உங்களை வரவேற்க ஒருத்தி உருண்டு வருவாள்.

உங்கள் தையல்காரி, இப்போது பாதி மெக்கானிக்