பிராக் நகருக்கு நாம் இருவர் மட்டும்

ஹில்ஸ்பரோ, ஓக்லாந்து, நியூசிலாந்து
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் றோஷினிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். சுகம் என்று எழுதினேனே தவிர மனம் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. போனில் கதைக்கலாமே என்று யோசிப்பாய். இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான் என்று உனக்குத் தெரியாதா? அப்பா அதைக் குசினி மேசையில் வைத்து அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் போடுவார், பிறகு தானும் குறுக்கே விழுந்து கதைப்பார். இப்போது பின்வளவில் விழுந்து கிடக்கிற பீஜோவாப் பழம் பொறுக்குகிறார். இந்த வருடம் அந்த மரம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அயலட்டைக்கெல்லாம் பை பையாகக் கொடுத்தும் முடியவில்லை. அவர் உள்ளே வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பிள்ளை, நீ ஏன் அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போய்க் கேட்டாய்? உயிர்த்த ஞாயிறு முடிய நான் லண்டன் வருவேன், அடுத்த வார இறுதியே நீயும் நானும் பிராக் போவோம், வசந்த காலம், மரமெல்லாம் பூத்துக் கிடக்கும், பழைய பாலத்தில் நடப்போம், அந்தப் பெரிய மணிக்கூட்டைப் பார்ப்போம் என்று ஆசை காட்டியவள் நீ. நானும் நடக்கப் பழக வேண்டும் என்று வேலை முடிய வயோதிபர் இல்லத்திலிருந்து வீட்டுக்கு அந்த ஏற்றத்தில் நடந்தே வருகிறேன், சப்பாத்துக்கூடப் புதிதாக வாங்கினேன். இதையெல்லாம் விட்டுவிட்டு நீ என்ன செய்தாய்? ‘அம்மாவைப் பிராக் கூட்டிக்கொண்டு போறன், அங்கை ஞாயிற்றுக்கிழமை இங்கிலிஷ் பூசை எந்தக் கோயிலில எண்டு ஆருக்காவது தெரியுமோ’ என்று குரூப்பில் போட்டாய். அம்மா பூசையைத் தவறவிட மாட்டாள் என்ற நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கட ஆட்களிடம் வழி கேட்டால் வழி சொல்லிவிட்டு விடுவார்களா, கூடவே வந்து ஏறுவார்களா? பூசை எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஜெர்மனியிலிருந்து ஆனந்தராசா சித்தப்பா உடனேயே எழுதினார், ‘அட, பிராக் எங்களுக்குப் பக்கம்தானே, நாங்களும் வாறம், பெரிய வான் எடுத்தா எல்லாரும் ஒண்டாத் திரியலாம்’ என்று. கஜந்தினி சித்தி அதற்கு மேலே போய், ஹோட்டல் வேண்டாம், குசினி உள்ள வீடாக எடுப்போம், ரைஸ் குக்கரும் கறித்தூளும் தான் கொண்டு வருகிறேன், தங்கச்சி குடும்பத்தையும் கேட்டிருக்கிறேன் என்றாள். எங்களைக் கேட்டார்களா? ஒரு வார்த்தை?

இவர்களோடு நான் பாரிஸ் பார்த்த கதை உனக்குத் தெரியும். ஐஃபெல் கோபுரத்தைக் கார் யன்னலால் பார்த்தேன், அதுவும் உன் சித்தி மற்றப் பக்கம் கையைக் காட்டியதால் பாதிதான் தெரிந்தது. மிச்ச நேரமெல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சோபாவில் இருந்து, ஆட்டுக்கறியும் புட்டும் தின்று, முன்பின் தெரியாத பிள்ளைகளின் கலியாண வீடியோ பார்த்ததுதான். கனடாவுக்குப் போய் நயாகராவைக் கண்ணால் காணாமல் திரும்பிய ஒரே மனுசி நான்தான், ஏனென்றால் அன்றைக்கு யாரோ செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. பாசம்தான், ஓம், பாசம்தான். அந்தப் பாசத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. சொன்னால் அப்பாவுக்கு ரோசம் வருகிறது. ‘அவன் ஆசையில கேக்கிறான், என்னண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது’ என்கிறார். ஏன், வாயால்தான் சொல்வது. லீவு இல்லை என்று இங்கேயே இருக்கப் போகிற மனுசன், வானில் யார் எங்கே இருப்பது என்று தம்பியோடு திட்டம் போட்டார்.

இவ்வளவும் கூட எனக்குப் பழகிப்போனதுதான். என்னை உண்மையில் கொதிக்க வைத்தது நீ. போன மாதம் நான் வேலையில் நிற்கிற நேரம் போன் எடுத்து, ‘அம்மா, பிராக்கில உங்களோட தனியக் கதைக்கோணும், போனில வேண்டாம்’ என்று சொன்னவள், வான் கதை வந்ததும் ‘பரவாயில்லை அம்மா, எல்லாரும் வந்தா கலகலப்பாத்தானே இருக்கும்’ என்கிறாய். கலகலப்பா? அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்குக் கலகலப்புப் பிடிக்குமென்று யார் சொன்னது? உன் முதல் நன்மைப் பூசைக்கு வந்த சனத்தைப் பார்த்துக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு இருந்த பிள்ளை நீ. நான் யோசித்துப் பார்த்தேன். நீ ஒத்துக்கொண்டது மறதியில் இல்லை. என்னோடு தனியே இருக்கப் பயந்து, நடுவில் அந்தக் கூட்டம் நின்றால் தப்பிக்கலாம் என்று ஒத்துக்கொண்டாய். அம்மாவிடம் தப்புவதற்குச் சித்தப்பாவின் வானா?

ஆகவே நான் என்ன செய்தேன் என்று கேள். குரூப்பில் நானே எழுதினேன், பிராக்குக்கு நானும் மகளும் தனியத்தான் போறம், வான் வேண்டாம், இன்னொருக்கா எல்லாரும் சேர்ந்து போவம், கோவிக்காதேங்கோ என்று. கோவித்துவிட்டார்கள். சித்தப்பா குரூப்பை விட்டே போய்விட்டார். சித்தி எனக்குத் தனியே, ‘நியூசிலாந்துக்குப் போனாப்பிறகு அக்காவுக்குப் பெருமை வந்திட்டுது’ என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள், நடுவில் மூக்கை வேறு சிந்துகிறாள். உன் அப்பா நான் போடுகிற சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுகிறார், என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. தம்பியின் மனத்தை முறித்துவிட்டேனாம். இருக்கட்டும். ஏன் இப்படிப் பிடிவாதம் என்று அன்றைக்கே கேட்டார், நான் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ, நான் எப்படி முந்திச் சொல்வது?

மகள், நான் கண் தெரியாதவள் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வீடியோவில் மருமகன் விதுஷன் வேலைக்குப் போய்விட்டார் என்றாய், புது வருடத்துக்கும் வேலை என்றாய். அவர் எப்படி என்று கேட்டால் இங்கிலிஷில் மறுமொழி சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவுகிறாய். உன் முதுகுக்குப் பின்னால் கலியாணப் படம் தொங்கிய சுவரில் ஆணி மட்டும் நின்றது. அப்பா அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அவர் போய்விட்டாரா, நீ போகச் சொன்னாயா, எனக்குத் தெரியாது. யாரில் பிழை என்று விசாரிக்க நான் அவ்வளவு தூரம் பறந்து வரவில்லை. கோயில் சனம் என்ன சொல்லும், அப்பா என்ன சொல்வார் என்று நீ என்னிடம் கேட்கவே கூடாது, கேட்டால் அந்தப் பாலத்திலேயே வைத்து ஏசுவேன். எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இத்தனை மாதமும் நீ தனியே கிடந்து அழுதிருக்கிறாயே என்றுதான், என் பிள்ளை, உனக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்று ஞாபகம் வரவில்லையா? சொல்ல வேண்டிய வசனங்களை யோசித்து யோசித்துப் பாடமாக்க வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, வருகிறபடி சொல். சொல்ல முடியாவிட்டால் சும்மா நட, நானும் நடப்பேன்.

அங்கே இன்னும் குளிரும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. தோடம்பழம் சாப்பிடு, பாண் துண்டை மட்டும் தின்று நாளைக் கழிக்காதே. மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. ஞாயிற்றுப் பூசையை நானே தேடிப் பிடித்துவிட்டேன், நீ இனி யாரிடமும் கேட்டுவிடாதே. இன்னொன்று, உன் அறையில் அப்பா அடுக்கி வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் கராஜுக்கு மாற்றி, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டிருக்கிறேன். ஆர் வரப்போகினம் என்று அப்பா கேட்டார், இரண்டு நாளில் அவர் என்னோடு கதைத்த ஒரே வசனம் அதுதான். ஒருத்தரும் இல்லை, தூசி தட்டினேன் என்று சொல்லி வைத்தேன்.

உன் மேல் கோபத்தோடு,
அம்மா
டோறின்