மீன் தொட்டிக்கு நல்ல தண்ணீர்

செவ்வாய், இரவு.

நேற்று ஒரு மஞ்சள் மீன் செத்தது. இன்று மற்றதும் தொட்டி மூலையில் ஒதுங்கி, செவுள் படபடக்க மூச்சு வாங்கியது. சண்டையில் இடம்பெயர்ந்து, மீள்குடியேறி வந்த பிறகு நானாக ஆசைப்பட்டு வீட்டில் வைத்தது இந்தக் கடல்நீர்த் தொட்டி மட்டும்தான். வெயிலில் நீர் வற்ற வற்ற, பள்ளிமுனைக் கடற்கரையில் மொண்டு வந்து நிரப்பினேன். கடல் மீனுக்குக் கடல்நீர்தானே?

மாலையில் என் மனைவி றீற்றா தொட்டிக்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். இடம்பெயருமுன் உப்பளத்தில் வேலை செய்தவள்.

“என்னப்பா, வீட்டுக்குள்ள உப்பளம் போடுறியளே? வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே கிடக்கும். நல்ல தண்ணி விடுங்கோ.”

நல்ல தண்ணீர் அவள் தூரத்துக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வருவது. அதை மீனுக்கு ஊற்ற எனக்கு எப்படித் தோன்றும்? நான் தயங்கி நிற்க, அவளே குடத்திலிருந்து செம்பில் மொண்டு நீட்டினாள்.

“ஒரேயடியா ஊத்தாதேங்கோ. கொஞ்சம் கொஞ்சமா.”

இதுவரை நாலு செம்பு விட்டாயிற்று. மீன் இன்னும் மூலையில்தான் நிற்கிறது, மூச்சு தணிந்திருக்கிறது. குடத்தில் பாதிகூட இல்லை.

விடியக் கிணற்றடிக்கு நான் போகலாம் என்றிருக்கிறேன். வாளிக் கயிற்றை அவள் எங்கே வைப்பாள் என்றுகூடத் தெரியவில்லை.