வெறுமையாகத் திரும்பாத தட்டங்கள்

கல்முனைக்குடி
06.07.2025

மைத்துனர் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏ.எல். அபுல் ஹஸன் ஆகிய நான், உங்கள் சகோதரி முஸ்பிறாவின் கணவன் என்ற முறையிலும் நமது சமையல் தொழிலின் பங்காளி என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான். சென்ற வியாழக்கிழமை சமையற்கூடத்தின் திறப்புச் சாவியை மதில்மேல் வைத்துவிட்டுப் போகும்போது நீங்கள் சொன்ன யோசனைக்கு எனது பதிலைத் தெரிவிப்பது. பங்காளிகளுக்கிடையிலான தீர்மானங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நமது ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு கூறுகிறது. தொலைபேசியைத் தவிர்த்தது அதனாலேயே தவிர, கோபத்தினால் அல்ல.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கலியாண வீட்டில் பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு சஹன் வைத்து, ஒரே தட்டத்தைச் சுற்றியிருந்து உண்ணும் விருந்துகள் குறைந்துவிட்டன. மண்டபம் எடுப்பவர் மண்டபத்துச் சமையலையும் சேர்த்தே எடுக்கிறார். சோறு ஆக்கும் நமது கிடாரங்கள் சும்மா கிடக்கின்றன. சாய்த்துவைத்த ஒன்றுக்குள் முஸ்பிறாவின் கோழி அடைகாக்கிறது.

ஆகவே, நான்கு பேருக்குப் போதுமான சிறு சஹனை வெள்ளிக்கிழமைகளில் வீடுகளுக்கு அனுப்பலாம், ஓடர்களை வட்ஸ்அப்பில் எடுக்கலாம் என்ற உங்கள் யோசனையை ஏற்கிறேன். ஆனால் அட்டைப் பெட்டியில் அனுப்புவதை ஏற்க இயலாது. பெட்டியில் போகும் சோறு பார்சல். அது சஹன் ஆகாது. மூடியுள்ள சில்வர்த் தட்டத்தில் போக வேண்டும். தட்டம் திரும்பி வர வேண்டும்.

நான் படிப்பிக்கும் உயர்தர வகுப்பில் 'புத்தாக்கம்' என்ற அலகை ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறேன். நமது முற்றத்தில் அது முடிவதாக இல்லை. நெய்ச்சோற்றுடன் பொரித்த கோழி சேர்த்தோம், பிறகு மேசை கதிரை சேர்த்தோம், பிறகு எரிவாயு இல்லாத காலத்தில் மீண்டும் விறகுக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று எண்ணினேன்.

கடிதத்தைக் கொண்டுவரும் முஸ்பிறா, "நடந்து போற தூரத்துல இருந்துகொண்டு என்னைத் தபால்காரியாக்கிறீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்கிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஏ.எல். அபுல் ஹஸன்

*

சாய்ந்தமருது
08.07.2025

மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். 'மைத்துனர் ஜவுபர் அவர்களுக்கு' எண்டு கண்டதும் என்ட வீட்டுக்காரி பயந்துபோனாள், கோட்டுல இருந்து வந்த கடிதம் எண்டு.

ஏழாம் பிரிவெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க எழுதினீங்க, நான் கையெழுத்துப் போட்டன். வொய்ஸ் அனுப்பினாக் கேக்கமாட்டீங்க. அதால நானும் பேனை எடுத்திரிக்கன். பிழை இருந்தா உங்கட சிவப்புப் பேனையால திருத்தாதீங்க.

தட்டம் எண்டா தட்டம். சண்டை பிடிக்க எனக்கு ஏலாது மச்சான், களைச்சுப் போனன். மீசை முளைச்ச நாள்ல இருந்து நெருப்புக்கு முன்னால நிக்கிறன். வெயில் அடிச்சாலும் ஆரோ அடுப்ப மூட்டிப்போட்டாங்க எண்டு நினைக்கிறன்.

ஒண்டை ஒளிக்காமச் சொல்லிப்போடுறன். அக்கரைப்பற்றுல ஒரு மண்டபத்துக்காரர் மாசச் சம்பளத்துக்குக் கூப்பிடுறார். எனக்குப் போக மனமில்ல. நாம சமைக்கிற வளவு எங்கட உம்மாட வளவு. முஸ்பிறா ராத்தாவக் கட்டிக் குடுக்கக்குள்ள வீட்டோட அவளுக்குப் போன. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்கட பக்கத்துல வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே, நானும் என்ட பொஞ்சாதிட வீட்டுலதான் இரிக்கன். ஆனா நான் முதல்முதல் சோறு வடிச்சது அந்த மாமரத்துக்குக் கீழதான். அதால இத ஒருக்காச் செய்து பார்ப்பம். சரிவந்தா நிக்கிறன். சரிவராட்டி அக்கரைப்பற்று.

கோழியக் கிளப்பாதீங்க. குஞ்சு பொரிக்கட்டும். இப்போதைக்கு மத்தக் கிடாரம் போதும்.

ஜவுபர்

*

கல்முனைக்குடி
18.08.2025

மைத்துனர் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை அடுப்படியில் நீங்கள் எதையும் கேட்கும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சஹன்கள் போகின்றன. உங்கள் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் தட்டங்கள் வருவதில்லை. சஹன் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸப்ரி முச்சக்கர வண்டியில் வீடு வீடாகப் போய்க் கேட்டால், "நாளைக்குத் தாறம்" என்கிறார்களாம். எல்லோரும் தெரிந்தவர்கள், எடுத்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. இருந்தும் வரவில்லை. தட்டம் இல்லாமல் அடுத்த வெள்ளிக்குச் சஹன் இல்லை.

எனவே, 'தட்டம் வெறுமையாகவும் கழுவப்பட்டும் மறுநாளே திருப்பித் தரப்பட வேண்டும். தவறின் அடுத்த ஓடருக்கு முற்பணம் அறவிடப்படும்' என்று அச்சடித்து எல்லா மூடிகளிலும் ஒட்டினேன். அதன் பிறகு ஓடர்கள் குறைந்தன.

நேற்று, நம்மிடம் சஹன் எடுக்கும் ஆயிஷா உம்மா தாமே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஊறவைத்த எலுமிச்சை அச்சாறு ஒரு போத்தல். "சோறு வந்த தட்டத்த வெறுந்தட்டமா எப்பிடி மனே அனுப்புற? மரத்துல எலுமிச்சை பழுக்கட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ள நீ கடதாசி ஒட்டி அனுப்புறாய். நான் என்ன உன்ட வகுப்புப் புள்ளையா?" என்றார். தட்டம் கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு எழுத முற்பட்டேன். அதுவும் பிழையாகப் போயிற்று.

இப்படித்தான் ஒரு தட்டத்தில் இனிப்புத் தொதல் வந்தது. ஒன்றில் முட்டை. என்னோடு படிப்பிக்கும் காரைதீவுப் பூமணி ரீச்சர், சாகாமத்து வயலில் இம்முறை வெட்டிய சிறுபோக நெல்லின் அரிசியை மூடி மூடாத அளவுக்கு நிரப்பி அனுப்பியிருக்கிறார். முஸ்பிறாவின் அலுமாரியில் இடமில்லை. இவற்றை எந்தத் தலைப்பின் கீழ் பதிவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாடசாலை விட்டு வந்து மூடி எண்ணுவதற்கு இனி என்னால் முடியாது. நீங்கள் சொன்னபடியே அட்டைப் பெட்டிக்குப் போவோம். உங்கள் சம்மதத்தை எழுத்தில் தரவும்.

ஏ.எல். அபுல் ஹஸன்

*

சாய்ந்தமருது
21.08.2025

மச்சான்,

ஸலாம். சம்மதம் இரிக்கட்டும். இதை முதல்ல வாசிங்க.

என்னோட படிச்ச றிஸ்மிட வாப்பா மௌத்தாகி, அடக்கி மூண்டாம் நாள், நாம சும்மா குடுக்க நான் கொண்டுபோன சஹன் ஞாபகம் இரிக்கா? அதுட மூடியிலயும் உங்கட கடதாசி ஒட்டியிருந்த. முற்பணம் அறவிடப்படும் எண்டு. மௌத்தான வீட்டுக்கு.

றிஸ்மி அந்தக் கடதாசிய வாசிச்சான். என்னை வாசல்ல நிக்கச் சொல்லிப்போட்டு, சோத்த வேற ஏனத்துல கொட்டி, தட்டத்தக் கழுவித் துடைச்சு அப்பவே கையில தந்தான். நீங்க கேட்ட மாதிரியே, வெறுமையா, கழுவி, மறுநாளும் ஆகாம. இவ்வளவு நாளும் வெறுந்தட்டமா வந்தது அது ஒண்டுதான் மச்சான். அத வாங்கினது என்ட கை.

நீங்க வேணுமெண்டு செய்யயில்ல. எல்லா மூடியிலயும் ஒட்டச் சொன்னீங்க, எல்லா மூடியிலயும் ஒட்டியிருந்த. ஆனா அந்தத் தெருவால ஐந்து நேரமும் பள்ளிக்குத் தொழப் போறது நான்.

மண்டபத்துக்காரருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டாம் திகதியில இருந்து அங்க. பெட்டியோ தட்டமோ, உங்களுக்கு விருப்பமானதுல அனுப்புங்க. திறப்ப ராத்தாட்டக் குடுத்திரிக்கன். இந்தமுறை மதில்ல வெக்கயில்ல.

ஜவுபர்

*

கல்முனைக்குடி
28.09.2025

அன்புள்ள ஜவுபர்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். சரியான வாக்கியம் அமையவில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

றிஸ்மியின் வீட்டுக்குப் போனேன். நான் ஆயத்தப்படுத்தியிருந்ததைச் சொல்லத் தொடங்கியதும் அவர், "ஸேர், இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். குடித்தேன். திரும்பி வந்து மூடிகளில் இருந்த கடதாசிகளைச் சுரண்டி எடுத்தேன். பசையின் அடையாளம் இன்னும் போகவில்லை.

பெட்டிக்கு நான் போகவில்லை. முஸ்பிறா விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்லாமல், ஆயிஷா உம்மாவின் அச்சாற்றில் ஒவ்வொரு கரண்டி எல்லாச் சஹனிலும் வைத்திருக்கிறாள். அலுமாரியைக் காலியாக்குவதற்காகத்தான் என்கிறாள். அன்று மாலை வந்த அழைப்புகளில் ஒருவரும் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த அச்சாறு எங்க வாங்கின?" என்றே கேட்டார்கள். மறுநாள் அவள் ஆயிஷா உம்மாவின் வீட்டுக்குப் போய், வாரந்தோறும் தர முடியுமா, என்ன விலை என்று கதைத்து வந்தாள். பிறகு தொதல் வந்த வீட்டுக்குப் போனாள். பூமணி ரீச்சரின் அண்ணனிடம் இப்போது அரிசியே வாங்குகிறோம்.

தட்டங்கள் தாமதமில்லாமல் வருகின்றன. எதைப் போட்டு அனுப்புவது என்று அந்த வீடுகளுக்கு இப்போது தெரியும். அச்சாறு தரும் வீடு தன் சொந்தக்காரருக்கெல்லாம் நமது சஹனைச் சொல்லிவைக்கிறது. நான் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல இது. நான் தடுக்கப் பார்த்த ஒன்று. வகுப்பில் இதை எப்படிப் படிப்பிப்பது என்று யோசித்தேன். படிப்பிக்கவில்லை.

கோழியும் குஞ்சுகளும் விறகுக் கொட்டிலுக்குப் போய்விட்டன. இரண்டு கிடாரங்களும் அடுப்பில் இருக்கின்றன. ஆனால் சோறு குழைகிறது. ஆயிஷா உம்மா தட்டத்தைத் தந்துவிட்டுக் கேட்கிறார்: "அச்சாற்ற நான் ஒழுங்காத்தான் போட்டிரிக்கன். சோத்துக்கு என்ன நடந்த?" முஸ்பிறாவும் உதவிக்கு வரும் பெண்களும் இயன்றதைச் செய்கிறார்கள். நானும் கிண்டுகிறேன். இரவில் தோளைத் தூக்க முடிவதில்லை.

இருப்பைப் பார்த்ததில் நான்கு தட்டங்கள் குறைகின்றன. உங்களுக்கு இந்த மாத வெள்ளிகளில் சஹன் அனுப்பியதாக முஸ்பிறா இப்போதுதான் சொன்னாள். அவற்றைக் கேட்பதற்காக நான் எழுதவில்லை.

நீங்கள் திரும்பி வர வேண்டும். இதை அறிவித்தலாகக் கொள்ள வேண்டாம். கேட்கிறேன்.

அபுல் ஹஸன்

*

சாய்ந்தமருது
10.10.2025

மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். றிஸ்மி சொன்னான், நீங்க வந்துபோனதெண்டு. 'ஸேர் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோய்க் குடிச்சிட்டுப் போறார்' எண்டு சிரிச்சான். அது போதும்.

ஆனா நான் வரமாட்டன் மச்சான். கோவம் இல்ல. கோவம் இருந்தா வந்திருப்பன், உங்களோட சண்டை பிடிக்க. காலையில பஸ்ஸுல ஏறினா அக்கரைப்பற்று வரைக்கும் நித்திரை. மாசம் முடிஞ்சாச் சம்பளம். அடுத்த கலியாணம் எப்ப வரும், ஆர் கேப்பாங்க, இனி என்னத்தப் புதுசாச் செய்யிற, ஒண்டும் நான் யோசிக்கத் தேவையில்ல. என்ட வீட்டுக்காரி கனகாலத்துக்குப் பிறகு நிம்மதியா இரிக்காள்.

அங்க ஆரும் சேர்ந்திருந்து சாப்பிடுறல்ல. வரிசையில வந்து அள்ளிக்கொண்டு போறாங்க. சோறு எப்பிடி எண்டு ஒரு ஆளும் கேக்கிறல்ல. முதல்ல சங்கடமா இருந்த. இப்ப அதுவும் ஒரு ஆறுதல்தான். எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அண்டைக்கு வீட்டுக்காரி வேலைக்குப் போயிருவாள், பகலைக்கு வீட்டுல தனியச் சாப்பிடுறன்.

நாலு தட்டமும் இஞ்சதான் கிடந்த. கோவத்துல வெச்சிரிக்கன் எண்டு ராத்தா நினைச்சிருப்பாள். அப்பிடி இல்ல. அந்த வீட்டுக்கு என்னத்தப் போட்டு அனுப்புற எண்டு எனக்கு விளங்கயில்ல. அச்சாறா, முட்டையா? நான் பொறந்த வீட்டுக்கு நான் என்னத்த அனுப்புற?

இப்ப மூண்டு தட்டம் அனுப்புறன். மூண்டுலயும் சோத்துக்குப் போடுற சரக்குத்தூள், நானே வறுத்து இடிச்ச. புது நெல்லு அரிசி குழையும், தண்ணியக் குறைக்கோணும். ராத்தாவ ஊத்தச் சொல்லுங்க. நீங்க ஊத்தாதீங்க.

நாலாவது தட்டம் இஞ்ச கிடக்கட்டும். அடுத்த கிழமைக்கும் தூள் வேணும்தானே.

ஜவுபர்

*

கல்முனைக்குடி
12.10.2025

தம்பி ஜவுபர்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தூள் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் முஸ்பிறா ஒரு விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "தம்பிட கைவாசம்" என்றாள்.

ஒப்பந்தம் முடிவடைந்தது என்று எழுதி நான் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் பிரதியை இதனோடு வைத்திருக்கிறேன். ஏழாம் பிரிவும் அதனோடு போயிற்று. ஆகவே உனக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லாமல் நான் எழுதும் முதற் கடிதம் இது. அச்சாறு தரும் வீட்டைப் போல, அரிசி தரும் வீட்டைப் போல, இனி உன் வீடும் ஒன்று. தூளுக்கு என்ன விலை என்பதை உன் ராத்தா வந்து கதைப்பாள். நான் கதைத்தால் பற்றுச்சீட்டு எழுதிவிடுவேன்.

உன்னை மறுபடியும் கூப்பிட மாட்டேன். நீ களைத்திருக்கிறாய். நானும் களைத்துத்தான் இருக்கிறேன். ஒருவன் ஓய்வதற்கு மற்றவனின் அனுமதி வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் நான் எழுதியிருக்கவில்லை.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு விடயம் எனக்கு ஒவ்வவில்லை. செவ்வாய்க்கிழமை நீ தனியே சாப்பிடுவது.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். சஹன் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்ற விதியைத் தளர்த்தி, வருகிற செவ்வாய்க்கிழமை சின்னக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றுவேன். தண்ணீரை முஸ்பிறா ஊற்றுவாள். பகல் லுஹர் தொழுதுவிட்டு, தட்டத்தை நானே தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்து வருவேன். பாயை நீ விரி. உனக்கு எதிரே இருந்து அதே தட்டத்தில் சாப்பிடுவேன். சோறு குழைந்திருந்தால் சொல்.

தட்டத்தை உன் வீட்டில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்புவேன்.

மச்சான்