கோகிலா என்று போடச் சொன்னீர்கள்

நங்கையா,

இன்று காலை பக்கத்து வீட்டில் பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுட வைத்த விளக்கெண்ணெய் வாசம் சுவரைத் தாண்டி வந்தது. எனக்கு அந்த வாசம் ஆகாதென்று உங்களுக்குத் தெரியும். பின்கட்டுக்குப் போனேன், அங்கேயும் வந்தது. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

என் கணவரின் அக்கா என்று பெயர்தானே தவிர, கல்யாணமாகி வந்த புதிதில் உங்களிடம் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அடுத்த தெருவில்தான் இருந்தீர்கள். ஆனாலும் பாப்பா பிறந்த பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே நீங்கள் வரவில்லை. இப்படியும் ஒரு அத்தையா என்று உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பாலைக் கக்கினாள். மத்தியானத்துக்குள் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுபோனாள். உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, “உச்சி உளுந்திருச்சு. எண்ணெ வெச்சா பொழுதோட ஏறிக்கும்” என்றார். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த உங்கள் தம்பி போனில், “அம்மா சொல்றாப்ல செய்யி. நாளைக்கும் கேக்கலீன்னா சேலத்துல பெரிய டாக்டரப் பாத்துக்கலாம்” என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

யார் சொல்லி வந்தீர்களோ, வாசலில் நின்றீர்கள்.

“அம்மா, என்ற புள்ளைக்கும் இந்த எண்ணெயத்தான் வெச்ச.”

மாமியாரின் கை அப்படியே நின்றுவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த இடத்தில் நீங்கள் ஒரு பெண்குழந்தையைப் பறிகொடுத்ததை அன்றுதான் அறிந்தேன். அந்த வீட்டில் அத்தனை வருஷமாக யாரும் எடுக்காத பேச்சு அது. அதற்குமேல் நீங்கள் சண்டை போடவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின்ரோட்டுக்கு நடந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், “சேலம் போலாமுங்களா, நாமக்கல்லுங்களா?” என்று கேட்டேன். சேலம்தான் பெரிய இடம் என்ற நினைப்பு எனக்கு.

“மொதல்ல எந்தப் பஸ்ஸு வருதோ அதுல ஏறு சாமி. பாக்கலாம் பாக்கலாம்னுதான் நான் உட்டுட்டேன்.”

நாமக்கல் பஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டார். குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்த பிறகுதான் நம் வீட்டில் பெயர் வைப்பது. “பேரு இன்னும்...” என்று நான் இழுத்தேன். “கோகிலான்னு போடுங்க” என்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். “அதுக்கு வெக்கோணும்னு மனசுல நெனச்சிருந்தேன். யாருக்கும் தெரியாது” என்றீர்கள், என் காதோடு.

உடம்பில் தண்ணீர் வற்றியதால்தான் உச்சி இறங்கியிருக்கிறது, எண்ணெய்க்கு ஏறாது என்று டாக்டர் சொல்லி ட்ரிப்ஸ் போட்டார். சாயங்காலம் பாப்பா கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதாள். மறுபடி வந்த டாக்டரிடம் நீங்கள் கேட்டீர்கள்:

“ட்ரிப்ஸ் ஏத்தியிருந்தா பொழச்சிருக்குமுங்களா?”

அவருக்கு விளங்கவில்லை. “பொழச்சிருச்சுங்களேம்மா, பாருங்க” என்று சிரித்தார். நீங்கள் பாப்பாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி தலையாட்டினீர்கள்.

கோயிலில் நான் பிடிவாதம் பிடித்து அந்தப் பெயரையே வைத்தேன். ஏன் என்று மாமியாருக்கோ உங்கள் தம்பிக்கோ தெரியாது. அதன்பிறகு தினமும் வந்தீர்கள். தலை பின்னிவிட்டீர்கள், ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டீர்கள். போனதை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

போன வருஷம் நீங்கள் கண்ணை மூடுவதற்கு முன் படுக்கையில் கிடந்தபோது, “கோகிலா, கோகிலா” என்று கூப்பிட்டீர்கள். என் மகள் ஓடிவந்து, “இங்கதான் இருக்கறனுங்க அத்தை” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்தீர்கள். கன்னத்தைத் தடவிக்கூடக் கொடுத்தீர்கள். பிறகு அவளைத் தாண்டி வாசலைப் பார்த்து, “நீயில்ல சாமி” என்றீர்கள்.

இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று, “கோகிலா” என்று அவளைக் கூப்பிடுகிறேன். “வாரேம்மா” என்கிறாள். எதிர்வீட்டிலிருந்து வந்து, என்னைக் கடந்து உள்ளே போய்விடுகிறாள். பெயரைக் கேட்டு உங்கள் கோகிலாவும் வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது நங்கையா. ஆனாலும் உடனே கதவைச் சாத்த மனம் வரவில்லை.